கார் நின்ற இடத்துக்குப் பூ

இது எவ்வளவு உயரம் வளரும் என்று பிரதாபன் மறுபடியும் கேட்டார். பூச்செடிக் கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு களைத்துவிட்டது. எந்தச் செடியைக் காட்டினாலும் இந்த மனிதருக்கு இதே கேள்விதான்.

நிறத்தைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

அவருடைய மனைவி சுவர்ணா ஊதா ஆஸ்டர் தொட்டியொன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்திருந்தாள். ஒருமுறை நட்டால் போதும், மற்றப் பூக்கள் ஓய்ந்த பிறகு ஒவ்வொரு செப்டெம்பரும் தானாகப் பூக்கும் என்று அதில் போட்டிருந்தது. இடுப்பளவு வளரும். நடத்தான் போகிறார் என்றால் நாலு பேர் பார்க்கிற மாதிரியாவது இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

“உது வேண்டாம். முழங்காலுக்கும் வரக்கூடாது.”

மஞ்சள் ருட்பெக்கியாவுக்கும் அதே தீர்ப்பு. வெள்ளை அனிமோனியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தமிழர் வீட்டு முன்புறப் புல்லில் பாதியைக் கல்லால் மூடியவர் பிரதாபன். அதுதான் தொழில். வீட்டுக்கு மூன்று கார் என்றால் பூவுக்கு எங்கே இடம்? தன் வீட்டு வாசலையும் அப்படியே மூடினார். அவருடைய வான், சுவர்ணாவின் சின்னக் கார், வேலியோரமாக மகன் லதீசனின் கார்.

போன தீபாவளியன்று, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தான் பதிவுத் திருமணம் செய்துவிட்டதாக லதீசன் சொன்னான். பெண் நல்ல பெண்தான். சொல்லாமல் செய்ததுதான் தகப்பனைச் சுட்டது. உன் கார் இனி என் வாசலில் நிற்கக்கூடாது என்றார். அவனும் அவருடைய பிள்ளையல்லவா, அன்றே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு சுவர்ணா, சாமான் வாங்கப் போகும் கடையின் கார் பார்க்கில் இருந்துதான் மகனோடு போனில் பேசுகிறாள். கணவருக்குத் தெரியாமல்.

வேலியோரம் வெறுமையாகவே கிடந்தது. அவள் தன் காரை அங்கே விடவில்லை. அவரும் வானை விடவில்லை. ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இந்தத் தீபாவளிக்கும் சனம் வரும். வெறும் இடத்தைக் கண்டால், தம்பி லதீசனின் காரைக் காணவில்லையே என்று தொடங்கும். நம் சனத்துக்கு அதைவிட வேறு என்ன வேலை. அதனால் கல்லைக் கிளப்பிப் பூ நடப்போவதாகப் பிரதாபன் அறிவித்தார். ஒரு வருடத்தோடு பட்டுப்போகிற பூ என்றாலாவது அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவர்ணா நினைத்தாள். இவரோ வருடா வருடம் வருகிற பூவாகத் தேடுகிறார். மகனுக்கு இனி இங்கே இடமில்லை என்பதை இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

நிழலில் வளருமா என்று இப்போது அவர் புதிதாக ஒன்றைக் கேட்டார்.

அவர்களுடைய வாசல் தெற்குப் பார்த்தது. லண்டனில் வெயில் என்று ஒன்று இருந்தால் அது முதலில் அங்கேதான் விழும். சுவர்ணா சொல்ல வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டாள். அவளுக்கு அவரோடு பேசவே பிடிக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு தட்டு நிறையச் சைக்லமன் கொண்டுவந்தாள். ஒரு சாண் உயரம் கூட இல்லை. இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. மரத்தடியிலும் வளரும், கோடையில் இலைகூட இருக்காது, செத்துவிட்டது என்று கிண்டி எறிந்துவிடாதீர்கள் என்றாள். பிரதாபன் முதல் தடவையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சுவர்ணா நேரே குசினிக்குள் போனாள். சட்டி பானைகள் அன்று தேவைக்கு மேல் சத்தம் போட்டன. வெளியே அவர் கல் கிளப்பும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கேட்டு நின்றுவிட்டது. அவ்வளவு இடத்துக்கும் அது போதாதே என்று தேத்தண்ணீரோடு வெளியே வந்தாள்.

நடுவில் மாத்திரம் நீளமாகக் கிளப்பியிருந்தார். கீழே கிடந்த சல்லியை அள்ளி எறிந்து, கறுத்த மண் நிரப்பி, முழங்காலில் இருந்து ஒவ்வொரு செடியாக ஆழமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். இரு பக்கமும் கல் அப்படியே இருந்தது.

“என்னப்பா, அரைகுறையா விட்டிருக்கிறியள்?”

அவர் தேத்தண்ணீரை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

நடக்கிறதற்கு விட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பக்கம் கதவு இல்லை. தெருவிலிருந்து வருகிற இரண்டு கல் வரிசையும் யன்னலுக்குக் கீழே சுவரில் போய் முடிந்தன. வேலிப் பக்கத்து வரிசை மற்றதைவிட அகலமாக இருந்தது. நூல் பிடித்து வேலை செய்கிற மனுசன் இப்படி ஏறுக்குமாறாக விடமாட்டாரே என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அவனோட கதைக்கேக்க சொல்லு,” என்றார் பிரதாபன், மண்ணைப் பார்த்தபடி. “காரை நேர உள்ளுக்கு விடட்டும். ரிவேர்ஸில வந்தால் சைலென்சர் சூடு பூவில அடிக்கும்.”

இரண்டு கல் வரிசையும் ஒரு காரின் சக்கரங்களுக்கு அளவாக இருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

அவர் இன்னொரு செடியை எடுத்தார். “வேலிப் பக்கம் கொஞ்சம் கூட விட்டிருக்கிறன். அவனோட வாற அந்தப் பிள்ளை இறங்கக் கால் வைக்கவேணுமெல்லோ.”