மூன்றாவது வேட்டு

இரண்டாவது வேட்டையும் வானத்தைப் பார்த்துப் போட்டுவிட்டேன். மூன்றாவதற்குக் கை வரவில்லை.

எங்கள் மொன்டானா காட்டில் ஒற்றை வேட்டு கேட்டால் யாரோ மானை அடித்துவிட்டார் என்று அர்த்தம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விட்டுவிட்டு மூன்று வேட்டு கேட்டால் யாருக்கோ ஆபத்து. பள்ளத்தாக்கே ஓடி வரும்.

வரட்டும். வந்தால் இந்த இடத்தைப் பார்த்துவிடுவார்களே.

விடிந்ததும் நான் அடித்த எல்க் மான் எதிர்ச்சரிவில் கிடந்தது. கிளைவிட்ட கொம்பு, குதிரை உயரம், ஒரே குண்டு. சந்தோஷத்தில் சின்னப் பெண் மாதிரி ஓடினேன். விழுந்து கிடந்த இரண்டு மரங்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு கணுக்கால் பிசகியது. ஐம்பத்திரண்டு வயதில் ஓடக் கூடாது.

இப்போது கால் பூசணிக்காய் போல இருந்தது. பனி வேறு விழ ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கிச் சத்தம் கரடிகளுக்குச் சாப்பாட்டு மணி என்பதும் நினைவுக்கு வந்தது.

அரசுக் காட்டில் யாருக்கும் பட்டா கிடையாது. எல்லோருக்கும் பொது. அதனாலேயே நாங்கள் ஆளுக்கொரு பொய் வைத்திருக்கிறோம். நான் எப்போதும் வண்டியைக் கரடி ஓடை முனையில் நிறுத்துவேன். இருட்டோடு இருட்டாக மலைமுதுகைத் தாண்டி இந்தப் புல்வெளிக்கு வந்து சேர்வேன். ஊரில் யார் கேட்டாலும் கரடி ஓடை என்றுதான் சொல்வேன். கட்டின புருஷனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

பாவம் ரஸ்ஸல். மூன்று நாளாக இருமல், படுத்த படுக்கை. நேற்று இரவு போர்வைக்குள்ளிருந்தே பேசினார். தனக்கு இந்த வருடம் வேட்டைக்குக் கொடுத்துவைக்கவில்லையாம், எனக்காவது கிடைக்கட்டுமாம், கரடி ஓடைப் பக்கம் மான் நிறைய இறங்கியிருக்கிறதாம். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் பொய் சொல்கிறோமே என்று மனது குத்தியது. கோழி சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன்.

நாத்தனார் லவோன் விஷயத்தில் எனக்கு எதுவும் குத்தவில்லை. போன வருடம் அவள் அடித்த மானின் தலையைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். ஞாயிறு விருந்துக்குப் போனால் அதற்கு நேர் எதிரேதான் என்னை உட்கார வைப்பாள். எங்கே அடித்தாய் என்று கேட்டால், நெஞ்சில் என்பாள்.

இன்று கரடி ஓடை முனையில் எனக்கு முன்பே அவள் வண்டி நின்றது. என் பொய்யை நம்பிவிட்டாள் என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். இடம் போனால் போனதுதான். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்த மரக்கூட்டத்திலிருந்து குரல் கேட்டது.

"அண்ணி, மூணாவதையும் போடுங்க. ரெண்டோட நிறுத்துனா நான் எப்படி வர்றது?"

ஆரஞ்சுச் சட்டையோடு எழுந்து நின்றாள் லவோன். அவளுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், பாதி தின்ற ரொட்டி. குடித்தனமே நடத்தியிருக்கிறாள்.

ஐந்து வருடமாக இங்கேதான் உட்காருகிறாளாம். வண்டியை அங்கே விட்டுவிட்டு அவளும் மலைமுதுகைத் தாண்டித்தான் வருவாளாம். செவ்வாய்க்கிழமை எனக்குக் கடையில் வேலை இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறாள். நான் விழுந்ததைப் பார்த்தாளாம். ஆனால் சும்மா வந்து நின்றால், இங்கே உனக்கென்ன வேலை என்று கேட்பேனே. மூன்று வேட்டும் கேட்டால், எங்கிருந்தோ ஓடி வந்தவள் போல மூச்சிரைக்க வந்துவிடலாம் என்று காத்திருக்கிறாள்.

"ஏண்டி, நான் செத்துக் கிடந்திருந்தா?"

"செத்திருந்தா உடனே வந்திருப்பேன் அண்ணி. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமே."

வலியையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கழுத்துத் துண்டை அவிழ்த்து என் காலை இறுக்கிக் கட்டினாள். காபி ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்குக் கறியில் பாதி என்று பேசி முடித்தோம். இனிமேல் செவ்வாய் அவளுக்கு, சனி எனக்கு. கூடப்பிறந்தவள் இருந்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் பாகம் பிரித்திருக்க மாட்டோம்.

பிறகுதான் உறைத்தது. இரண்டு வண்டியும் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. நொண்டியைத் தாங்கிக்கொண்டு போனால் மான் கரடிக்கு. மானை வெட்டிச் சுமந்தால் நொண்டி கரடிக்கு. ஒருத்தியால் இரண்டும் ஆகாது.

வேறு வழியில்லை, மூன்றாவதையும் போட்டுவிடுங்கள் என்றாள் லவோன். இருவரும் புல்வெளியை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டோம். நாளைக்கு ஊரே இங்கே நாற்காலி போட்டுவிடும்.

துப்பாக்கியைத் தூக்கி வானத்தைப் பார்த்துப் பிடித்தேன்.

மேலே பாறைக்குப் பின்னாலிருந்து 'லொக்கு லொக்கு' என்று அவசர அவசரமாக ஒரு சத்தம்.

கரடியோ என்று லவோன் என் தோளைப் பிடித்தாள். நான் துப்பாக்கியை இறக்கிக் கீழே வைத்தேன்.

கரடி இல்லை. மூன்று நாளாக நான் சூப் ஊற்றி வளர்த்த இருமல்.