பல்லக்கு தாண்டாத டேங்க்

"நம்ம பெட்ரோல் டேங்க்குக்காக மாசூ அம்மாவே பல்லக்கை நிறுத்திட்டா, போ-சூ. பின்னாடி வந்த கூட்டம் கடல் வரைக்கும் நின்னுச்சு. கடைசி ஆள் கழுத்தளவு தண்ணியில நின்னான்."

கிம்-தோ இதைச் சொன்னது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடந்த மனைவியின் காதில்.

கட்டிலின் மறுபக்கம் அவளுடைய அண்ணன் ஆ-பியாவ் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் அவ கிட்ட பேசத்தான் சொன்னார், மாப்ள. புளுகச் சொல்லல."

புளுகில்தான் விஷயமே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கிம்-தோ அவிழ்த்துவிட்ட எந்தப் புளுகையும் போ-சூ சும்மா விட்டதில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலும் சரி, வெளியே வந்து ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

நாலாம் மாடிக்கு காஸ் சிலிண்டர் தூக்கிப்போனவள் படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து கண் திறக்கவில்லை. நல்ல பெரிய புளுகாகச் சொன்னால், முறைப்பதற்காகவாவது திறக்க மாட்டாளா?

மீன் சந்தையில் திமிங்கிலம் பேரம் பேசியதைச் சொல்லிப் பார்த்தான். இமை அசையவில்லை.

இன்றைக்கு டேங்க்.

போ-சூ ஊர் முழுக்கச் சிலிண்டர் போட்ட அந்தப் பழைய மோட்டார் சைக்கிளுக்கு, ஊர்க்காரர்களில் பாதிப்பேரைவிட வயது அதிகம். டேங்க்குக்குள் இருந்த துருவை வழித்தால் ஒரு படகு கட்டி பெங்கூ தீவுக்குப் போய்வரலாம். விழுந்த அன்று காலையில்கூட, "அந்த டேங்க்கை என்னன்னு பாருங்க, வழியெல்லாம் நின்னு நின்னு போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அவளுக்காகச் செய்ய வேறொன்றும் தெரியாத கிம்-தோ, டேங்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வினிகர் ஊற்றி ஊறவைத்தான். நட்டும் போல்ட்டும் ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லும் உள்ளே போட்டுக் குலுக்கினான். குலுக்கிய குலுக்கலில் நிலநடுக்கம் என்று பக்கத்துத் தெருவே மேசைக்கடியில் புகுந்தது.

துரு போனது. கூடவே டேங்க்கும் போனது.

இத்தனை வருஷமாகப் பெட்ரோலைத் தாங்கி நின்றது தகரம் இல்லை, துருதான். ஊற்றியதெல்லாம் பூவாளி போல அடியில் கொட்டியது. ஒரு ஓட்டையைப் பிசின் வைத்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று எட்டிப் பார்த்தது. பற்றவைக்கும் கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "தகரமா இது, தாள். சூடு காட்டினா கையோட வந்துடும்" என்று திருப்பிக் கொடுத்தார். தாய்பேயில் சொல்லிவைத்து ஒரு டேங்க் வந்தது. வேறு ஏதோ வண்டியுடையது. எப்படி வைத்தாலும் உட்காரவில்லை.

அப்போதுதான் கடல் தெய்வமான மாசூ அம்மா ஊர்வலம் வந்தது. நேற்று.

பல்லக்கு தலைக்கு மேலே போனால் பீடை விலகும் என்று ஊரே நடுரோட்டில் வரிசையாகக் குப்புறப் படுக்கும். வரமுடியாத நோயாளியின் சட்டையை வீட்டார் கொண்டுவந்து வரிசையில் கிடத்துவார்கள். உடுத்திக் களைந்ததாக இருக்கவேண்டும், உடம்பு பட்டதாக.

போ-சூ உடுத்தியிருந்ததை ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். அலமாரியைத் திறந்தால் எல்லாம் துவைத்து மடித்து சோப்பு வாசம்.

அவள் உடம்பு பட்டது என்று வீட்டில் மிச்சமிருந்தது, இரண்டு முழங்காலும் அழுத்தி அழுத்தி இருபக்கமும் பெயிண்ட் தேய்ந்துபோன அந்த டேங்க்தான்.

"சட்டைங்களுக்கு நடுவுல அதை வச்சேன், போ-சூ. பக்கத்துல நானும் குப்புறப் படுத்தேன். ஒரே பட்டாசுப் புகை. பல்லக்கு எல்லாரையும் தாண்டி வந்துச்சு. டேங்க்குக்கு நேரா வந்ததும் நின்னுடுச்சு. எட்டு பேர் தூக்கறாங்க, நூறு பேர் தள்றாங்க, ம்ஹூம். போலீஸ்காரன் விசில் ஊதி ஊதி விசிலையே முழுங்கிட்டான்."

"குப்புறப் படுத்தவனுக்குப் போலீஸ்காரன் எப்படித் தெரிஞ்சான்?"

"எங்க தெரிஞ்சான்? வயித்துக்குள்ளேர்ந்து விசில் கேட்டுச்சு, மச்சான்."

மருந்து பாட்டில் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

போ-சூவின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"அம்மா அவ்வளவு நேரம் நின்னாளே, ஓட்டையெல்லாம் அடைஞ்சுதா?" என்றான் ஆ-பியாவ்.

"காலையில பெட்ரோல் ஊத்திப் பார்த்தேன்."

"ம்?"

"ஒழுகுது."

இதை மட்டும் கிம்-தோ மெதுவாகச் சொன்னான். அதற்குமேல் அவனிடம் புளுகு இல்லை. போர்வை நுனியை இழுத்து அவள் பாதத்தை மூடினான். மூடியிருந்த பாதத்தையே இன்னொரு தரம் மூடினான்.

ஆ-பியாவ் கத்தியைக் கீழே வைத்தான். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். சாமியெல்லாம் தூக்குகிறவன் தோளில் இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். எழுந்து வந்து தங்கையின் காதருகே குனிந்தான்.

"பாப்பா, கடல் வரைக்கும் கூட்டம் நின்னதெல்லாம் பொய். போலீஸ்காரனும் பொய். நேத்து நானும் அங்கதான் இருந்தேன், உன் புருஷனுக்குத் தெரியாது. உனக்காகப் பல்லக்கு தூக்கறதுக்குப் பேர் கொடுத்திருந்தேன். முன்கம்பு என் தோள்ல. ரோட்டுல அந்த டேங்க்கைப் பார்த்ததும் எனக்கு மானம் போச்சு. சட்டுனு தாண்டிடணும்னு இருக்கிற பலமெல்லாம் போட்டு இழுத்தேன்."

கிம்-தோ தலை நிமிர்ந்து பார்த்தான்.

"வரல, பாப்பா. நின்னுடுச்சு."