இலையில் ஒரு தீவு

விருந்தாளி யார் வந்தாலும் கதிரேசன் சாப்பாட்டு இலையிலேயே அந்தத் தீவைக் கட்டிவிடுவான். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் அங்கே வேலை பார்த்தவன். நடுவில் சோற்றை மலையாகக் குவிப்பான். கீரைப் பொரியலைக் கரும்புக் காடாகப் பரப்புவான். "இந்தப் பக்கம்தாங்க டச்சுக்காரன் வந்து எறங்கினான், அப்புறம் பிரெஞ்சுக்காரன்" என்று அப்பளத்தை உடைத்துக் கப்பல் விடுவான். "அங்க மழை வந்தா யாரும் ஓடமாட்டாங்க. நின்னு நனைவாங்க" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

பரிமாறிக்கொண்டே அமுதவல்லி கவனிப்பாள். மலையைத் தின்பான், காட்டைத் தின்பான், கப்பலை நொறுக்குவான். தென்மேற்கு மூலையில் ஒரு கைப்பிடிச் சோறு மட்டும் அப்படியே இருக்கும். அந்த மூலையில் இருக்கும் ஊரின் பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருஷமாக இலை எடுப்பவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

இன்று அவனுடைய மேலாளரும் மனைவியும் வந்திருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அந்த அம்மாள், "அந்த மூலையில என்ன இருக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டாள்.

"அங்க ஒண்ணுமில்லீங்க. வெறும் மணல்" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"வெறும் மணல்தானே?" என்ற அமுதவல்லி, ரசத்தைப் பாத்திரத்தோடு அந்த மூலையில் சாய்த்தாள்.

கைப்பிடிச் சோறு கரைந்து சரிந்தது. மேலாளர் பார்க்க, அவர் மனைவி பார்க்க, சாப்பாட்டில் இதுவரை பட்டறியாத கதிரேசனின் இடது கை பாய்ந்து வந்து அந்த ஊரைச் சுற்றி அணை கட்டியது.