நேற்று அரைத்த மாவு

"கட்டிலுக்கு அடியிலே தள்ளுடா. இன்னும் உள்ளே. மேலே போர்வையைப் போட்டு மூடு."

தாராபென் படுக்கையறை வாசலில் நின்று பதறினாள். மகன் மௌலிக் மண்டியிட்டு அந்த எவர்சில்வர் டப்பாவைத் தள்ளினான். போலீஸ் வரப்போகிற வீடுகூட அந்தப் பரபரப்பில் தோற்றுவிடும்.

டப்பாவில் இருந்தது கள்ளச் சாராயம் இல்லை, டோக்ளா. முந்தின நாள் சாயங்காலம் அரிசியையும் பருப்பையும் அரைத்து, புளித்த மோர் விட்டு, ராத்திரி முழுக்கப் பொங்கவிட்டு, இப்போதுதான் ஆவியில் வேகவைத்து இறக்கியது. அவளுடைய புளிப்பு டோக்ளாவுக்கு நடியாத் ஊரில் பாதித் தெரு அடிமை. இன்று வரப்போகும் பெண் வீட்டாரையும் இதிலேயே மயக்கிவிடலாம் என்று நினைத்திருந்தாள், பாவம்.

கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் பிள்ளையாண்டான் வாயைத் திறந்தான்.

"அம்மா, பங்க்தி வீட்டுல ஜைனர்கள். ராத்திரி தாண்டின மாவைத் தொடமாட்டாங்க."

"ஷா குடும்பம்னுதானேடா சொன்னே? நம்மள மாதிரி வைஷ்ணவ ஷான்னு நினைச்சுட்டேன்."

"ஷாவுல ரெண்டும்தான் இருக்கு."

"இதை ஏண்டா மூணு மாசமாச் சொல்லலே?"

"சொன்னா நீ வேண்டாம்னுடுவேன்னு பயம்."

"நான் எங்கே சொல்றது? இப்ப அவங்க சொல்லப் போறாங்க."

மௌலிக் தலையைச் சொறிந்தான். "அவ அப்பாவைச் சமாளிச்சிடலாம். அம்மாதான் கண்டிப்பு. பிறந்த வீட்டோடயே இருபத்தாறு வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாதாம். அவங்க இங்கே ஒரு வாய் சாப்பிட்டாச் சம்மதம்னு அர்த்தம், வெறும் தண்ணியோட எழுந்துட்டா அவ்வளவுதான்னு பங்க்தி சொன்னா."

தாராபென் புடவையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். கடலை மாவு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரை. மூடியில் துணியைச் சுற்றினாள், தண்ணீரைக் கொதிக்கவிட்டாள், கடைசியாக சோடா உப்பைப் போட்டாள். மாவு நுரைத்துப் பொங்கியதும் தட்டில் ஊற்றிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹாரன் கேட்டது. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பொங்கின நுரை மொத்தமும் அடங்கிப் போயிற்று.

வெந்து வந்தது டோக்ளா இல்லை, சிலேட்டுப் பலகை. வேறு வழியில்லை. கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டி, மல்லித்தழையால் மானத்தை மறைத்துக் கொண்டுபோய் வைத்தாள்.

பங்க்தியோடு வந்திருந்த அவள் அப்பா ரசிக்பாய் நல்ல மனிதர். இரண்டு துண்டை மென்று விழுங்கி, "பிரமாதம்" என்று கூசாமல் சொன்னார். அவர் மனைவி சரளாபென் தட்டைக் கையில் வாங்கினாளே தவிர, வாயில் வைக்கவில்லை. மூக்கை உயர்த்தி ஒரு மூச்சு இழுத்தாள்.

"புளிச்ச வாசனை வருதே, தாராபென்."

"பக்கத்து வீட்டுல மோர் கொட்டிடுச்சு" என்றாள் தாராபென். பொய் சொன்னதில் காது சூடாகிவிட்டது.

சரளாபென் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் பச்சை எண்ணெய் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

தாராபென்னுக்குச் சுருக்கென்றது. புளிப்பு டோக்ளாவுக்குத்தான் காய்ச்சாத பச்சைக் கடலை எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். இதற்கு எதற்கு எண்ணெய்? தொண்டையில் இறங்காது என்று குத்திக் காட்டுகிறாள் போலிருக்கிறது. இருந்தாலும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள்.

சரளாபென் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பங்க்தி மௌலிக்கைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டைச் சுத்திப் பார்க்கலாமா?"

கேட்டாளே ஒழிய, பதிலுக்கு நிற்கவில்லை. பூஜை அறையைப் பார்க்கவில்லை, அடுப்படியை எட்டிப் பார்க்கவில்லை, நேரே படுக்கையறைக்குள் போனாள். தாராபென் பின்னாலேயே ஓடினாள்.

சரளாபென் கட்டிலுக்கு அருகே குனிந்தாள். போர்வையை விலக்கினாள். டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தாள். அறை முழுக்கப் புளிப்பு மணம் எழுந்தது.

 பிள்ளையின் கல்யாணம் தன் கையாலேயே கெட்டதே என்று தாராபென்னுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சுக்கோங்க, சரளாபென். தெரியாமப் பண்ணிட்டேன். இது நேத்து அரைச்ச மாவு."

"தெரியும்."

சரளாபென் ஒரு துண்டைப் பிய்த்தாள். கையோடு கொண்டுவந்திருந்த கிண்ணத்து எண்ணெயில் அதைத் தோய்த்தாள். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இரண்டாவது துண்டுக்கும் கை போயிற்று.

தாராபென் திகைத்து நின்றாள். "உங்களுக்கு இது ஆகாதே, சரளாபென்?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஆகாது, நான் பொறந்தது வைஷ்ணவ வீட்டுல. கதவைச் சாத்துங்க, சம்பந்தி."