சிறப்பு விருந்தினர்

"ஏனுங்க அருளு, உங்கூர் பள்ளிக்கூடத்துல பொன்னாடையெல்லாம் போத்துனாங்களாமா? வீடியோ இருந்தாப் போடுங்க, பாக்கலாம்."

முதலாளி தனபால் கேட்டு முடிப்பதற்குள் அருள்செல்வன் போனை எடுத்து மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டார். அதைக் காட்டத்தானே காலையிலிருந்து முதலாளி அறை வாசலில் நான்கு முறை நடந்தார்!

காரணம் இருந்தது. குண்டடத்தில் பனியன் கம்பெனியின் புது யூனிட் இன்னும் மூன்று மாதத்தில் திறக்கப் போகிறது. அதற்கு ஜெனரல் மேனேஜர் யார் என்பது முடிவாகவில்லை. நல்லூர் யூனிட்டில் பதினோரு வருடமாக வெறும் புரொடக்‌ஷன் மேனேஜராகவே இருக்கும் அருள்செல்வன், மனதளவில் அந்த நாற்காலியில் எப்போதோ உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுழன்றும் பார்த்துவிட்டார்.

"குண்டடம் யூனிட்டை நடத்தறதுன்னா சும்மா இல்லீங்க. இருபது வருஷ அனுபவம் வேணுமுங்க," என்று வீடியோ தொடங்குவதற்குள் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கடலோர ஊர்க்காரர். ஆனால் திருப்பூருக்கு வந்த இத்தனை வருடத்தில், கம்பெனி வாசலில் நாயை விரட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்.

"அதுஞ் சரிதானுங்க," என்றார் தனபால்.

தனபால் தங்கமான மனிதர். ஷிப்மென்ட் வாரத்தில் யாருடைய தகப்பன் செத்தாலும் ஒரு நாள் லீவுக்கு ஒன்பது கேள்வி கேட்பவர். பாதித் தையல் மெஷின்கள் ஆளில்லாமல் உறை போட்டுக் கிடக்கிற இந்த நேரத்தில், பள்ளிக்கூட விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்திருக்கிறார்கள் என்று அருள்செல்வன் சொன்னதும், இரண்டு நாள் லீவும் கொடுத்துத் தன் காரையும் கொடுத்தார். திறமைக்குத் தருகிற மரியாதை என்று அருள்செல்வன் அதை எடுத்துக்கொண்டார்.

திரையில் அவர் மைக்கைப் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தார். "கடக்கரை மணல்ல அஞ்சு மைல் நடந்து வந்து படிச்சேன்!"

பள்ளிக்கூடம் அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருந்தது. சுவரேறிக் குதித்தே படிப்பை முடித்தவர்.

"எங்கப்பாகூடக் கட்டுமரத்துல போயி வலை இழுத்தேன்!"

அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் எழுத்தர் வேலை. மகன் கடலில் கால் நனைத்தது ஆடி அமாவாசைக்கு மட்டும்.

ஆனால் ஒரே ஒரு பையோடு திருப்பூர் பஸ் ஏறியது உண்மை. பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலையில் தொடங்கியதும் உண்மை. அந்த இடம் வந்தபோது திரையில் அவர் குரல் உடைந்தது. இங்கே உட்கார்ந்திருந்த அருள்செல்வனுக்கும் கண் கலங்கியது. 'நீயெல்லாம் எங்கடா உருப்படப் போறே' என்று பத்தாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய அதே பள்ளிக்கூடம், இப்போது எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்குப் போர்த்திய சிவப்புப் பொன்னாடையை வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. மனைவி அதில் தூசி மட்டும் தட்டுகிறாள்.

"அவ்வளவுதானுங்க சார்," என்று போனை எடுக்கப் போனார்.

"ஓடட்டுமுங்க. பதினாலாவது நிமிசத்துல இன்னொண்ணு பேசியிருக்கீங்களே."

அது இவருக்கு எப்படித் தெரியும் என்று அருள்செல்வன் யோசிக்கும்போதே பதினாலாவது நிமிடம் வந்துவிட்டது. கைதட்டல் தலைக்கேறிய நிலையில் திரையில் இருந்த அருள்செல்வன் மார்பைத் தட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு வித்தையே இல்ல, தம்பிகளா! மூணே மாசம்! எங்கிட்ட வாங்க. எஞ் சேர்ல உங்கள உக்கார வைக்கலேன்னா எம் பேரு அருள்செல்வன் இல்ல!"

நேரில் இருந்த அருள்செல்வன் நெற்றியைத் துடைத்தார். "அது... பசங்களுக்கு ஒரு உற்சாகத்துக்குச் சொன்னதுங்க."

"உற்சாகம் நல்லாவே வந்துருச்சுங்க. பிளஸ் டூ முடிச்ச பசங்க முப்பத்தெட்டுப் பேரு நாளைக்குக் காத்தால வேன்ல வந்து எறங்கறாங்க. ஆறு மாசமா ஆளுக்கு நான் அலையாத எடமில்லீங்க. இதுல சூட்டிப்பா ஒரு பையனைப் பாத்து, நீங்களே மூணு மாசம் பழக்கிக் குடுத்துருங்க. குண்டடத்துக்கு அவனைப் போட்டுக்கலாம்."

"அப்ப... நானுங்க சார்?"

"உங்களுக்கு அதைய விடப் பெரிய வேலை வெச்சிருக்கறனுங்க. அந்தக் கடலோரத்துலயே இன்னும் இருபத்தாறு பள்ளிக்கூடம் இருக்குதாமா," என்ற தனபால், மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துத் திறந்தார்.

உள்ளே, அருள்செல்வன் வீட்டு ஹாலில் சட்டத்துக்குள் தொங்கும் அதே சிவப்புப் பொன்னாடை, அதே சரிகையோடு, மடிப்புக் கலையாமல் இன்னும் இருபத்தாறு இருந்தன.