எனக்கே புரியுதே!

மகள் படிக்கிற ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, தலையில் பாத்தே பலகாரக் கூடையோடு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள் லமேர்சி. உள்ளே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சிரிப்புக்கு என்ன வேலை?

அடுத்து ஓஸ்னெர் வாத்தியாரின் குரல் கேட்டது. காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஏன் அப்படிச் சீறித் தெறிக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பாத்தே சுட்டு விற்கிற லமேர்சிக்கு அது ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அங்கேதான் இடித்தது.

"பார்த்தியா கோமே, என் சந்தேகம் சரியாப் போச்சு," என்று பக்கத்தில் குந்தியிருந்த இரிலாவிடம் கிசுகிசுத்தாள். இரிலா அவள் மகளுக்கு ஞானத்தாய்; அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் 'கோமே' என்பார்கள். "எனக்கே புரியுதுன்னா அது பிரெஞ்சா? கிரெயோல்டி, கிரெயோல்! வீட்டுல நான் கோழிகூடப் பேசற பேச்சு! இதுக்கா பள்ளிக்கூடம்?"

"மெதுவாப் பேசு. உன் கூடை ஜன்னல்ல தெரியுது."

கொஞ்ச நாளாகவே லமேர்சிக்கு மனசு சரியில்லை. முன்பெல்லாம் மகள் வித்லீன் முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கண்ணை மூடிக்கொண்டு, பிரெஞ்சுப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். அக்கம்பக்கத்தார் தூங்க முடியவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சத்தம் திடீரென்று நின்றுபோனது.

"ஏண்டி படிக்கறதில்ல?" என்று கேட்டால், "புரிஞ்சுடுச்சும்மா. எதுக்கு மனப்பாடம்?" என்றாள். அன்றைக்கே லமேர்சி முடிவுகட்டிவிட்டாள், பிள்ளை கெட்டுப்போய்விட்டதென்று.

அவளுடைய பயம் அவளுக்குத்தானே தெரியும். வித்லீன் பிறந்ததைப் பதிய அலுவலகத்துக்குப் போனபோது, ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவன் பிரெஞ்சில் என்னவோ கேட்டான். இவள் விழித்தாள். அவன் இவள் முகத்துக்கு நேரே ஜன்னல் கதவைச் சாத்தினான். தன் மகள் எந்த ஜன்னலுக்கு முன்னாலும் ஊமையாக நிற்கக் கூடாது என்றுதான் இத்தனை எண்ணெய்ச் சூட்டில் வேகிறாள். வருஷக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை வேறு.

வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெற்றோர் எல்லாரும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் திரண்டுவிட்டார்கள்.

"முசே வல்ப்ரென்!" தலைமையாசிரியரைப் பார்த்து எழுந்து நின்றாள் லமேர்சி. "ஓஸ்னெர் வாத்தியார் எங்க பிள்ளைங்களுக்குக் கிரெயோல்ல பாடம் எடுக்கறார். என் ரெண்டு காதால கேட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்துத் தரம் என்ன ஆறது?"

"வெளிய அனுப்புங்க!" என்று பின்வரிசையில் ஒரு குரல். "எங்க காலத்துல கிரெயோல் வாயில வந்தா முட்டி போட வைப்பாங்க!" என்றது இன்னொன்று.

ஓஸ்னெர் எழுந்தார். மெலிந்த மனுஷன், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் படித்துவிட்டு வந்தவர். "அம்மா, முதல்ல அதுங்களுக்கு விஷயம் புரியட்டும். அப்புறம் அதையே பிரெஞ்சுல அதுங்க வாயாலயே சொல்ல வைக்கறேன். வெறுமே ஒப்பிச்சா..."

"கேட்டீங்களா? இங்கயும் கிரெயோல்தான்!" என்றார் ஒருவர். மண்டபமே சிரித்தது.

அப்போது முசே வல்ப்ரென் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மண்டபம் கப்சிப். பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். அடடா, அது பேச்சா! மலையிலிருந்து இறங்குகிற ஆறு மாதிரி சுழித்துக்கொண்டு ஓடியது.

நடுநடுவே "கிரெயோல்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. விழுந்தபோதெல்லாம் மேசையில் ஒரு குத்து. ஓஸ்னெர் தலையைக் குனிந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழறார் பாரு," என்றாள் லமேர்சி. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மகள் முக்கியமில்லையா?

கடைசியில் தலைமையாசிரியர் குரலை உயர்த்தி எதையோ சொல்லி நிறுத்தினார். கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அசையவில்லை.

லமேர்சிதான் முதலில் எழுந்து படபடவென்று கைதட்டினாள். அவளைப் பார்த்து இரிலா தட்டினாள். பிறகு மண்டபமே அதிர்ந்தது. முசே வல்ப்ரென் நம்ப முடியாதவர்போல ஒரு கணம் விழித்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினார்.

"என்னதான் சொன்னார் கோமே?" என்றாள் இரிலா, கைதட்டிக்கொண்டே.

"யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை புரியல. என்ன ஒரு பிரெஞ்சு! இவருதான் வாத்தியார்!"

வாசலில் வித்லீன் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா! நீயா முதல்ல கைதட்டின? ஜன்னல் வழியா பார்த்தேன், என்னால நம்பவே முடியல!"

"பின்ன? உனக்காகத்தானே எல்லாம்." லமேர்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா, அந்த ஓஸ்னெர் வாத்தியாரை எப்ப அனுப்பறாங்களாம்?"

வித்லீன் அம்மாவின் முகத்தை விநோதமாகப் பார்த்தாள்.

"அனுப்பறதா? நாளையிலேருந்து எல்லா வகுப்புலயும் அவரை மாதிரியே கிரெயோல்ல பாடம் எடுக்கப்போறோம், சம்மதம்னா கைதட்டுங்கன்னுதானேம்மா கேட்டார்!"