காக்கையார் போட்ட சத்தம்

குருவி முட்டையைத் திருடியது அணிலம்மாதான் என்று காக்கையார் கத்தித் தொலைத்தார். ஒரு காக்கை கத்தினால் ஊர்க்காக்கையெல்லாம் காரணம் கேட்காமல் கத்துமே, கத்தின. மறுநாள், காற்றில் விழுந்த முட்டை புதருக்குள் முழுசாகக் கிடந்தது.

“நான்தான் வாயை மூடிட்டேனே, இன்னும் என்னவாம்?” என்றார் காக்கையார், தன்னைத் தேடி வந்த அணிலம்மாவிடம்.

“நீங்க மூடிட்டீங்க அண்ணே. என் பிள்ளைங்களை ஒரு மரத்துலயும் ஏற விடமாட்டேங்கறாங்களே,” என்றாள் அணிலம்மா.

அவருக்குச் சுருக்கென்றது. மரம் மரமாகப் போய், “அதைச் சொன்னது நான்தான், சொன்னது தப்பு” என்று கத்தினார். இதற்கு மட்டும் ஒரு காக்கையும் கூடக் கத்தவில்லை.

கடைசி மரத்தில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

பின்னாலேயே வந்திருந்த அணிலம்மா முன்னால் ஏறி நின்றாள். “அண்ணன் தப்பா சொல்லிட்டாராம். பாவம், தொண்டை கட்டிப்போச்சு. அதான் நான் சொல்றேன்.”